தனி ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: வீட்டில் கேட்பதற்கு உண்மையிலேயே உதவுகிறதா?

6 ஜனவரி 2024, காலை (மதுரை வாசகரின் கேள்வி)

என்னிடம் ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஹெட்ஃபோன் இருக்கிறது. மேசைக் கணினியின் முன்பக்க ஜாக்கில் செருகிப் பாட்டுக் கேட்கிறேன். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் இந்த ஹெட்ஃபோனின் பாதி ஒலிதான் காதுக்கு வரும் என்று ஒரு கடைக்காரர் சொல்லி, 18,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். ஹெட்ஃபோனின் விலையைவிட அது அதிகம். வாங்கியவர்கள் யாராவது, வீட்டில் கேட்கும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு (என் பதில்)

தெரிகிறது. நான் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துவது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். கைப்பேசியில் ஒரு டாங்கிளை (யூஎஸ்பி துளையில் செருகி ஹெட்ஃபோனை இணைக்கும் சிறு மாற்றி) செருகி அதில்தான் இத்தனை நாளும் கேட்டுவந்தேன். இந்த மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு மேசை ஆம்ப்ளிஃபயர் வாங்கி, டாங்கிளுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் இணைத்தேன். அன்று இரவே, பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு கச்சேரி ஒலிப்பதிவைப் போட்டபோது, பாடகர் அடுத்த சங்கதிக்கு முன் மூச்சிழுப்பதும், மிருதங்கத்தின் தொப்பியில் கை அழுந்தி நகரும்போது எழும் கும்கியும், தம்பூராவின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படுவதும் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு கேட்டன. உங்கள் ஹெட்ஃபோனின் உணர்திறன் 99 டெசிபல், என்னுடையது 96. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எனக்குக் கிடைத்த பலன் உங்களுக்கும் கிடைக்கும்.

7 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு பெரிய பிழை இருப்பதை ஒரு வாசகர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 99, 96 என்ற இரண்டு எண்களும் 1 மில்லிவாட் திறனுக்குக் கிடைக்கும் ஒலியளவைக் குறிப்பவை. ஆனால் கைப்பேசியும் கணினியும் ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பது மின்னழுத்தம். அந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு திறன் பாயும் என்பதை ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ்தான், அதாவது ஓமில் அளக்கும் மின் எதிர்ப்புதான், தீர்மானிக்கிறது. 1 வோல்ட் கொடுத்தால் என் 250 ஓம் ஹெட்ஃபோனில் 4 மில்லிவாட் பாயும். அது 6 டெசிபல் கூடுதல் என்பதால் மொத்தம் 102. அதே 1 வோல்ட்டை உங்கள் 38 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கொடுத்தால் 26 மில்லிவாட் பாயும். 14 டெசிபல் கூடி மொத்தம் 113. நான் 3 டெசிபல் என்று நினைத்த இடைவெளி உண்மையில் 11 டெசிபல்.

ஆகவே என் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், உங்களுடையதற்கும் தேவைப்படும் என்று அதிலிருந்து முடிவுகட்ட வழியில்லை. உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் சொன்ன பலனைத் திரும்பப் பெறுகிறேன்.

9 ஜனவரி

எவ்வளவு ஒலியளவு போதும் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்குச் சராசரி 70 முதல் 75 டெசிபல் தாராளம். ஆனால் இசை சராசரியிலேயே நிற்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி விழும்போது 20 டெசிபலுக்கும் மேல் எகிறும். இன்றைய திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உச்சத்துக்கு அருகிலேயே நெருக்கி வைக்கப்படுவதால் அவற்றுக்கு அதிக மின்னழுத்தம் தேவையில்லை. சபாவில் ஒரே ஒலிவாங்கியை வைத்துப் பதிவுசெய்த பழைய கச்சேரிகளில் சராசரி மிகவும் தாழ்ந்து கிடப்பதால், ஒலியளவுக் குமிழை அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். மோசமான நிலையை எடுத்துக்கொண்டாலும் உச்சத்தில் 95 முதல் 100 டெசிபல் கிடைத்தால் போதும். ஆப்பிள் நம் நாட்டில் விற்கும் யூஎஸ்பி-சி டாங்கிள் ஏறத்தாழ 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கப்படுவது அதில் பாதிதான் தரும். 1 வோல்ட்டுக்கு என் ஹெட்ஃபோன் 102 டெசிபல் எழுப்பும் என்று மேலே கணக்கிட்டோம்.

அப்படியானால் எனக்கே போதுமானது ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் கேட்ட தெளிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இரண்டு நாட்களாக மனத்தை அரிக்கிறது. ஊகத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அளந்து பார்க்கப் போகிறேன்.

17 ஜனவரி, காணும் பொங்கல்

அளந்தாகிவிட்டது. வீட்டில் இருந்த மலிவான மல்டிமீட்டரில் மாறுமின்னோட்டத்துக்கான மிகக் குறைந்த அளவே 200 வோல்ட் என்பதால் அது இதற்கு உதவாது. பொங்கலுக்கு வந்திருந்த மைத்துனர் தன் வேலைக்கு வைத்திருக்கும் நல்ல மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளின் ஒரு முனையில் ஹெட்ஃபோனையும், மறுமுனையில் உறையைக் கழற்றிய ஒரு பின்னையும் செருகி, பின்னின் நுனியிலும் அடியிலும் மீட்டரின் முனைகளை வைத்துப் பிடித்தோம். மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் சரியாகக் காட்டாது என்பதால் 200 ஹெர்ட்ஸ் தொனியை ஒலிக்கவிட்டோம்.

முதலில் டாங்கிளை நேரடியாகச் செருகி, வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்தேன்: 0.19 வோல்ட். பிறகு ஆம்ப்ளிஃபயரை நடுவில் இணைத்து, காதுக்கு அதே அளவு என்று பட்ட இடத்தில் குமிழை நிறுத்தினேன்: 0.30 வோல்ட். மீட்டர் எண்ணைக் காட்டியதும் மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். 4 டெசிபல் வித்தியாசம். ஒரு மாதமாக நான் ஆம்ப்ளிஃபயரை 4 டெசிபல் உரக்க வைத்துக் கேட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே அளவு என்று நம்பிக்கொண்டு.

சற்று உரக்கக் கேட்பது நமக்கு உரத்த ஒலியாகத் தோன்றாமல் நல்ல ஒலியாகத் தோன்றும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகள் இதற்கான காரணத்தில் ஒரு பகுதியைக் காட்டுகின்றன: ஒலி தாழ்ந்திருக்கும்போது கீழ்ஸ்தாயி நம் காதுக்கு மிகவும் மங்கிக் கேட்கும், ஒலி உயர உயர அது நிரம்பிவரும். நான் வியந்த கும்கியில் பாதியாவது இதுவாக இருக்க வேண்டும்.

20 ஜனவரி

அளவைச் சமன்செய்த பிறகு மறைத்துக் கேட்கும் சோதனை ஒன்றையும் செய்தேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மனைவி பின்னால் நின்று ஒவ்வொரு முறையும் பின்னை உருவி, நாணயத்தைச் சுண்டிப்போட்டு, பூ விழுந்தால் ஆம்ப்ளிஃபயரிலும் தலை விழுந்தால் டாங்கிளிலும் செருகினார். செருகும் ஓசையை வைத்து நான் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லா முறையும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டார். அதே பல்லவி, அதே 20 விநாடி.

16 முறையில் 9 முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 16-க்கு 9 அல்லது அதற்குமேல் கிடைக்க 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உண்மையாகவே வித்தியாசம் கேட்கிறது என்று ஓரளவு உறுதியோடு சொல்ல 12 வேண்டும். ஐந்தாவது, ஆறாவது முறைகளில் எனக்குத் துளியும் ஐயம் இருக்கவில்லை. அவை இரண்டுமே தவறு.

6 ஜனவரி அன்று "தெரிகிறது" என்று எழுதியதை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் மார்கழியில் கேட்ட மூச்சொலி இன்னும் தீராத கேள்வியாகவே இருக்கிறது. 4 டெசிபல் மட்டும் அதை விளக்கிவிடும் என்று என் மனம் ஒப்பவில்லை.

21 ஜனவரி

மதுரை வாசகர் இன்று எழுதியிருப்பதுதான் இத்தனை நாளில் வந்த மிக முக்கியமான தகவல். சுட்டியை உருட்டும்போது ஹெட்ஃபோனில் கீச்சென்று ஓர் ஒலி வருகிறது, பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் அது மாறுகிறது என்கிறார். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பல மேசைக் கணினிகளில் முன்பக்க ஜாக்குக்குப் போகும் கம்பி, பெட்டிக்குள் இரைச்சல் நிறைந்த பகுதிகளைக் கடந்து போவதால் அந்த இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு வரும். இதில் ஆம்ப்ளிஃபயரை இணைத்தால் பாட்டோடு கீச்சொலியும் சேர்ந்து பெருகும்.

முதலில் பின்பக்க ஜாக்கில் செருகிப் பாருங்கள். அதிலும் வந்தால் யூஎஸ்பியில் செருகும் ஒரு சிறு டாங்கிளை வாங்குங்கள். ஒலியாக மாற்றும் வேலையே கணினிப் பெட்டிக்கு வெளியே நடப்பதுதான் உங்களுக்கு வேண்டிய மருந்து. 18,000 ரூபாயைக் கையில் வைத்திருங்கள்.

3 பிப்ரவரி

கீச்சொலி போய்விட்டதாம். நல்லது.

இன்னொருவர் தன் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஹெட்ஃபோன் துளை இருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அந்தக் காலத்து ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்கென்று தனிச் சுற்று கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டிலிருந்தே நூற்றுக்கணக்கான ஓம் மின்தடை ஒன்றின் வழியாக ஹெட்ஃபோனுக்கும் ஒரு கிளை இழுத்திருப்பார்கள். 1996-ல் வந்த ஐஇசி 61938 என்ற பன்னாட்டுத் தரநிலைகூட 120 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸையே (ஹெட்ஃபோன் துளையில் கருவி தன் பங்குக்குக் காட்டும் மின் எதிர்ப்பு) பரிந்துரைத்தது. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருந்தால் இதனால் ஒலி சற்றுக் குறையுமே தவிர வேறு கேடில்லை. ஆனால் 300 ஓம் என்று குறிப்பிடப்பட்ட ஒரு ஹெட்ஃபோன் கீழ்ஸ்தாயியில் 500 ஓமாக உயரும் என்றால், 120 ஓம் வெளியீட்டில் அந்த இடம் மட்டும் மற்றவற்றைவிட 1 டெசிபல் எழும்பும். அது சிலருக்குப் பிடித்தும் இருக்கும்.

காதுக்குள் செருகும் வகையில், ஒரே கூட்டில் பல ஒலிப்பான்கள் உள்ளவற்றுக்கு நிலைமை இதைவிட மோசம். ஓரிடத்தில் 8 ஓமாகவும் வேறோரிடத்தில் 40 ஓமாகவும் மாறும் ஒன்றை வெறும் 10 ஓம் வெளியீட்டில் இணைத்தாலே, இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு உண்டாகும். 5 டெசிபல் யார் காதுக்கும் கேட்கும். இத்தகையவற்றை வைத்திருப்பவர்களுக்கு வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவான ஒரு கருவி தேவை. அது ஆம்ப்ளிஃபயராகவும் இருக்கலாம், நல்ல டாங்கிளாகவும் இருக்கலாம்.

11 பிப்ரவரி

நேற்று சென்னையில் மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தபோது, கல்லூரிக் காலத்தில் நான் சாலிடர் வைத்துச் செய்த முதல் ஆம்ப்ளிஃபயர் நினைவுக்கு வந்தது. சூ மோய் என்பவர் வடிவமைத்து, மிட்டாய் டப்பாவுக்குள் அடங்குவதால் உலகமெங்கும் பரவிய சிமோய் சுற்று அது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சிறு சில்லு), கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய உதிரிகள். அதன் வழக்கமான கெய்ன் (உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் அளவு) 11 மடங்கு, அதாவது 21 டெசிபல். அந்த நாளில் என்னிடம் இருந்தது 32 ஓம் ஹெட்ஃபோன் என்பதால் குமிழைத் தொட்டாலே ஒலி உச்சத்துக்குப் போய்விடும். இரவில் மெதுவாகக் கேட்க வேண்டுமென்று குமிழை அடிமட்டத்தில் வைத்தால், வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு பாதைகளும் அந்த இடத்தில் ஒத்துப்போகாமல் பாட்டு இடது காதுக்குச் சாய்ந்துவிடும். சுற்றில் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. என் ஹெட்ஃபோனுக்குத் தேவையில்லாத அளவு கெய்ன் அதில் இருந்தது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், எளிதில் ஒலிக்கும் ஹெட்ஃபோனுக்கு அதிகத் திறன் கொண்ட ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்களுக்கு இன்றும் இதே தொல்லைதான் வருகிறது: சாய்ந்த ஒலி, பாட்டு நின்றதும் மெல்லிய சீறல். வாங்கத்தான் வேண்டும் என்றால், கெய்னைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2011-ல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒருவர், சுற்றுப்படத்தையும் அளவீடுகளையும் பொதுவில் வைத்து வெளியிட்ட ஓ2 ஆம்ப்ளிஃபயரில் இந்தச் சுவிட்ச் இருந்தது. வெளியீட்டு இம்பீடன்ஸ் அரை ஓம். இன்றுவரை இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் எழுத்து அவருடையது, ஏனென்றால் சொன்ன ஒவ்வொன்றையும் அளந்து காட்டிவிட்டுச் சொன்னார்.

2 மார்ச்

யாருக்குமே தேவையில்லையா என்று ஒருவர் சற்றுக் கோபமாகக் கேட்டிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை. ஹைஃபைமேனின் எச்இ-6 என்ற பிளேனர் (காந்தங்களுக்கு நடுவே தட்டையான படலம் அசைந்து ஒலி எழுப்பும் வகை) ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள்: 50 ஓம், 83.5 டெசிபல். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் ஏறத்தாழ 450 மில்லிவாட், கிட்டத்தட்ட 4.7 வோல்ட் தேவை. எந்தக் கைப்பேசியும் இதைத் தராது. அதை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலேயே இணைத்துக் கேட்டவர்கள் உண்டு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லிருந்து செய்துவரும் மின்நிலை (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஹெட்ஃபோன்கள் வேறு சாதி. அவற்றின் மெல்லிய படலத்துக்கு இன்று 580 வோல்ட் நிலையான மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்கென்றே செய்த பெட்டி இல்லாமல் ஒரு முணுமுணுப்பும் வராது. 600 ஓம் ஹெட்ஃபோன் வைத்துக்கொண்டு தாழ்ந்த ஒலிப்பதிவுகளைக் கேட்பவர்களுக்கும் தேவைப்படலாம்.

3 மார்ச்

புளூடூத்தில் கேட்பவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. ஆம்ப்ளிஃபயர் ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது.

19 ஏப்ரல்

சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்கழியில் கேட்ட மூச்சொலிக்கு விடை கிடைத்துவிட்டது.

நேற்று இரவு அதே கச்சேரியை அதே ஆம்ப்ளிஃபயரில், குமிழை அதே இடத்தில் வைத்துக் கேட்டேன். மூச்சொலி இல்லை. தம்பூரா ஒரு மங்கலான ரீங்காரமாக மட்டுமே இருந்தது. டாங்கிளுக்கு மாற்றிப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதோ என்று கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. டாங்கிள் கைப்பேசியில் இருந்தபடியால் பாட்டு நிற்கவில்லை. ஹெட்ஃபோனை மீண்டும் மாட்டினேன். பாடகர் மூச்சிழுத்தார்.

சென்னையில் ஃபேன் இல்லாமல் இரவைக் கழிக்க முடிவது மார்கழியிலும் தையிலும்தான். நான் ஆம்ப்ளிஃபயர் வாங்கியது மார்கழியில். அதற்கு முந்தைய பத்து மாதமும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கேட்ட காது, அமைதியான அறையில் கேட்ட ஒலியைப் புதுக் கருவியின் கணக்கில் எழுதிக்கொண்டது. ஜனவரியில் செய்த சோதனைகளிலும் இது வெளிப்பட வழியில்லை, இரண்டு கருவிகளையும் நான் ஃபேன் இல்லாத இரவுகளில்தான் ஒப்பிட்டேன்.

டிடி 990 திறந்த முதுகு கொண்டது. வெளியொலி தடையில்லாமல் உள்ளே வரும். மதுரை வாசகரின் எம்50எக்ஸ் மூடிய வகை என்பதால், நம் கோடைக்கு என்னுடையதைவிட அதுவே பொருத்தம்.

20 ஏப்ரல்

கைப்பேசிச் செயலியால் அறையை அளந்தேன். செயலி காட்டும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் அதே இடத்தில் அதே கைப்பேசியைக் கொண்டு எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை நம்பலாம். ஃபேன் ஐந்தில் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் வித்தியாசம் 14 டெசிபல். இரண்டில் வைத்தால் 5 டெசிபல்தான் கூடுகிறது. இனி இரண்டில் வைத்துக் கேட்கப் போகிறேன்.

28 ஏப்ரல்

ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடாத பணத்தை எதில் செலவிடலாம் என்ற கேள்விக்கு என் விடை: காதுப் பஞ்சு. என் ஹெட்ஃபோனின் வெல்வெட் பஞ்சுகள் ஆறு ஆண்டு உழைப்பில் அப்பளம்போலத் தட்டையாகியிருந்தன. இந்த வாரம் புதியவற்றை மாட்டினேன். காதுக்கும் ஒலிப்பானுக்கும் உள்ள தூரமும், கன்னத்தோடு பஞ்சு ஒட்டும் விதமும் மாறியதால் ஒலியே மாறிவிட்டது. இதை மறைத்துச் சோதிக்க வழியில்லை, மாட்டியதுமே பஞ்சின் தடிப்பு தெரிந்துவிடும். ஆகவே என் சொல்லைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். காசில்லாமல் செய்யக்கூடியது ஈக்குவலைசர், அதாவது கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி அளவுகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி. ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும் நல்ல டாங்கிளும் கேட்கும் எல்லைக்குள் ஒரு டெசிபலில் சிறு பங்குகூட வேறுபடுவதில்லை. ஈக்குவலைசரில் ஒரு விரலசைவு 5 டெசிபல்.

12 மே

ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டேனா என்று கேட்டிருக்கிறார்கள். விற்கவில்லை. அது இப்போது அப்பாவின் கட்டிலருகே இருக்கிறது.

அவருக்கு வயது 76. நாகஸ்வரம் என்றால் உயிர். கைப்பேசியின் ஒலியளவில் இருப்பது 15 படிகள். ஒரு படி போதாமலும் அடுத்த படி அதிகமாகவும் இருக்கும், அதையும் நடுங்கும் விரலால் கண்ணாடியில் தேய்த்து மாற்ற அவரால் இயலாது. ஆம்ப்ளிஃபயரின் குமிழ் எலுமிச்சம்பழ அளவு. இருட்டில் கையை நீட்டித் திருப்பிக்கொள்கிறார். இந்த ஒரு காரணத்துக்காக ஒருவர் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதாக இருந்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

வயதானவர்களுக்கு உரக்க வைத்துக்கொடுக்கும்போது கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். ஆகவே மைத்துனரின் மீட்டரை மறுபடி வாங்கி, சராசரி 75 டெசிபலில் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு, மனைவியின் நகப்பூச்சால் குமிழருகே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். காது மருத்துவர் எடுத்த சோதனையில் மேல்ஸ்தாயி குறைந்திருப்பது தெரிந்ததால், ஈக்குவலைசரில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 6 டெசிபல் ஏற்றினேன்.

நேற்று மாலை ஒரு மல்லாரி போட்டுக் கொடுத்தேன். சிறிது நேரம் அசையாமல் இருந்தவர், "தாளக்காரன் இருக்கிறானே, இத்தனை நாளும் எங்கே போயிருந்தான்?" என்றார். பிறகு குமிழைப் புள்ளிவரை திருப்பி, தவில் சேரும் இடத்தில் கையை மேலே காட்டி, வேர்த்தாலும் பரவாயில்லை, இது முடியும்வரை ஃபேனை நிறுத்து என்றார்.